மலைக்குப் போன உப்பு

1918-ம் வருடம். ஐரோப்பா முழுக்க பீரங்கிச் சத்தம். போரில் கலந்துகொள்ளாத ஸ்விட்சர்லாந்தில், ஆல்ப்ஸ் மலை மடிப்புகளுக்குள் கிரேஹென் என்று ஒரு குக்கிராமம். வண்டிப் பாதை கிடையாது. மேலே எது போகவேண்டுமென்றாலும் கோவேறு கழுதை முதுகில்தான் போகவேண்டும். அப்படித்தான் ஒருநாள் அந்த ஊருக்கு உப்பு போய்ச் சேர்ந்தது.

பார்த்தால் சாதாரண உப்பு. நாக்கில் வைத்தாலும் வித்தியாசம் தெரியாது. ஆனால் அந்தப் பள்ளத்தாக்கில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த ஓட்டோ பயார்ட் என்கிற டாக்டர், அதில் தன் கையாலேயே ஒரு மருந்தைக் கலந்திருந்தார். கிலோவுக்குச் சில மில்லிகிராம், அவ்வளவுதான். ஐந்து குடும்பங்களைப் பொறுக்கியெடுத்து, வெவ்வேறு அளவில் கலந்த உப்பைக் கொடுத்து, 'இனிமேல் வீட்டில் எல்லாவற்றுக்கும் இதைத்தான் போடவேண்டும்' என்று சொல்லிவிட்டு வந்தார்.

ஐந்து மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால், அந்தக் குடும்பத்தார் கழுத்தில் தொங்கிக்கொண்டிருந்த கழலைகள் சுருங்கியிருந்தன.

கழுத்து இளைத்ததெல்லாம் ஒரு சரித்திரமா என்று கேட்காதீர்கள். நான் சொல்ல வந்தது கழுத்தின் கதையில்லை. தாயின் வயிற்றில் இருக்கும் குழந்தையின் மூளையின் கதை. வேடிக்கை என்னவென்றால், பயார்ட் உள்பட இந்தக் கதையில் வரப்போகிற டாக்டர்களில் முக்கால்வாசிப் பேர் கழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கருவைப் பார்க்க இன்னும் ஐம்பது வருடம் ஆனது.

ஆல்ப்ஸ் என்றால் நமக்கு என்ன ஞாபகம் வரும்? பனிமலை, புல்வெளி, சேலைத் தலைப்பு பறக்க ஓடிவரும் கதாநாயகி. 19-ம் நூற்றாண்டில் அங்கே சுற்றுலா போன ஐரோப்பியர்களுக்கு வேறொரு காட்சியும் கிடைத்தது. ஊர் ஊராகக் கழுத்தில் பெரிய கழலையோடு மனிதர்கள். அவர்களுக்கு நடுவே, வாசலில் வெயிலில் உட்கார்த்திவைக்கப்பட்ட சிலர். குள்ளமான உருவம். பலருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. முப்பது வயதானாலும் குழந்தையின் புத்தி. இவர்களை 'கிரெட்டின்' என்றார்கள். 'கிறிஸ்தவன்' என்ற சொல்லின் திரிபு அது, 'இவனும் நம்மைப் போல மனுஷன்தான்' என்று இரக்கத்தோடு வைத்த பெயர் என்று ஒரு விளக்கம் உண்டு. இரக்கமெல்லாம் எங்கே போனதோ தெரியாது. இன்றைக்கு ஐரோப்பிய மொழிகளில் அது வெறும் வசவு.

ஏன் இப்படிப் பிறக்கிறார்கள்? ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். பள்ளத்தாக்கில் தேங்கும் கெட்ட காற்று என்றார்கள். பனி உருகிய தண்ணீர் என்றார்கள். சொந்தத்துக்குள் கல்யாணம், அப்பனின் குடி, செய்த பாவம் என்று பட்டியல் நீண்டது. 'கிரகணத்தன்று வெளியே வந்தாயா?' என்று நம் ஊரில் பெற்றவளைக் கேட்பார்களே, கிட்டத்தட்ட அந்த ரகம்.

குகன்பூல் என்று ஓர் இளம் டாக்டர் இருந்தார். 1836-ல், பாதையோரச் சிலுவை ஒன்றின் முன்னால் ஒரு கிரெட்டின் நின்றுகொண்டு குழறிக் குழறி ஜெபம் சொல்வதைப் பார்த்தார். இந்த ஜீவனுக்குள் ஒரு மனசு இருக்கிறது, அதை வெளியே கொண்டுவந்தே தீருவேன் என்று அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டார். உயரமான இடங்களில் கிரெட்டின்கள் பிறப்பதில்லை என்பது அன்றைய நம்பிக்கை. எனவே 1841-ல் இன்டர்லாகன் பக்கத்தில் ஆபெண்ட்பெர்க் என்கிற மலைமேல் ஒரு விடுதி கட்டினார். நல்ல காற்று, நல்ல பால், குளியல், உடற்பயிற்சி, பாடம். ஐரோப்பா கொண்டாடியது. பிரபுக்கள் வந்து பார்த்தார்கள். பணம் கொட்டியது. குணமாகிவிடும் என்று குகன்பூலும் வாக்குக் கொடுத்துக்கொண்டே போனார்.

ஒருவரும் குணமாகவில்லை. 1858-ல் பிரிட்டிஷ் தூதர் ஒருவர் விடுதிக்குள் போய்ப் பார்த்தபோது, கவனிப்பாரில்லாமல் கிடந்தார்கள் பிள்ளைகள். ஏகக் களேபரம். விடுதியை மூடினார்கள். குகன்பூலை மோசடிக்காரர் என்று எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவர் தொட்டிலில் ஆரம்பித்தார். காரியமோ தொட்டிலுக்கு வருவதற்கு முன்பே முடிந்துபோயிருந்தது. அது அன்றைக்கு யாருக்குமே தெரியாது.

முதல் துப்பு ஓர் அறுவைச் சிகிச்சை மேஜையில் கிடைத்தது. பெர்ன் நகரத்தில் தியோடர் கோகர் என்று ஒரு மகா நிபுணர். வாழ்நாளில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தைராய்டு அறுவைகள் செய்தவர். 1874-ல் 11 வயதுச் சிறுமி ஒருத்திக்குக் கழலையோடு சேர்த்து தைராய்டு சுரப்பியை முழுக்க எடுத்துவிட்டார். சுத்தமான அறுவை. காயம் ஆறியது. கொஞ்ச காலம் கழித்து உள்ளூர் டாக்டரிடமிருந்து தகவல் வந்தது: துறுதுறுவென்று இருந்த பெண் மந்தமாகிவிட்டாள், வளரவேயில்லை. கோகருக்குத் திடுக்கென்றது. பிற்பாடு தன் பழைய நோயாளிகளை ஒவ்வொருவராக வரவழைத்துப் பார்த்தார். சுரப்பியை முழுசாக எடுத்தவர்களில் பெரும்பாலோர் அதே கதி. 1883-ல் ஜெர்மானிய அறுவை மருத்துவர்கள் மாநாட்டில் எழுந்து நின்று, 'நான் செய்தது தவறு, இனிமேல் முழுச் சுரப்பியை எடுக்கமாட்டேன்' என்கிற ரீதியில் உண்மையைச் சொன்னார். 1909-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பரிசைவிட அந்த ஒப்புதல் பெரிசு என்பேன். கழுத்தில் இருக்கும் ஒரு வண்ணத்துப்பூச்சி வடிவச் சுரப்பிக்கும் மண்டைக்குள் இருக்கும் மூளைக்கும் சம்பந்தம் இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது.

இப்போது அந்த மருந்து. 1811-ல் நெப்போலியனின் படைகளுக்கு வெடியுப்பு காய்ச்சிக்கொண்டிருந்த பெர்னார் குர்த்துவா என்கிற பிரெஞ்சுக்காரர், கடற்பாசிச் சாம்பலில் அமிலத்தைக் கொஞ்சம் அதிகமாக ஊற்றிவிட்டார். ஊதா நிறத்தில் புகை கிளம்பியது. அதுதான் அயோடின். கிரேக்கத்தில் ஊதா என்று அர்த்தம். ஒன்பதே வருடத்தில், 1820-ல், ஜெனிவாவில் குவாந்தே என்கிற டாக்டர் அதைக் கழலைக்குக் கொடுத்துப் பார்த்தார். கழலை கரைந்தது!

அப்புறம் என்ன, பிரச்னை அன்றைக்கே தீர்ந்திருக்க வேண்டியதுதானே? தீரவில்லை. மருந்து வேலை செய்கிறது என்றதும் ஆளாளுக்கு அள்ளி அள்ளிச் சாப்பிட்டார்கள். நெஞ்சு படபடத்து, உடம்பு உருகி, சிலர் ஆபத்தான நிலைக்குப் போனார்கள். அயோடின் என்றால் விஷம் என்று பெயர் வந்துவிட்டது. 1895-ல் பாவ்மன் என்கிற ஜெர்மன் விஞ்ஞானி, தைராய்டு சுரப்பிக்குள்ளேயே அயோடின் இருப்பதைக் கண்டுபிடித்தார். அதற்குப் பிறகும் பயம் போகவில்லை. அளவுக்கு மிஞ்சினால் எதுவும் விஷம்தான், அளவு எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை.

கேட்டவர் ஹுன்ட்ஸிகர். ஜூரிச் பக்கத்தில் சின்ன ஊர் டாக்டர். 1914-ல் அவர் சொன்னது இதுதான்: கழலை என்பது வியாதியே இல்லை. சாப்பாட்டில் அயோடின் போதவில்லை, கிடைக்கிற கொஞ்சத்தையாவது பிடித்துவைக்கலாம் என்று சுரப்பி தன்னைப் பெரிசாக்கிக்கொள்கிறது. அதற்குத் தேவை மருந்து அளவு இல்லை, அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அதைத் தினமும் கொடுக்கவேண்டும். எப்படி? உப்பில்.

பெரிய பேராசிரியர்கள் சிரித்தார்கள். பயார்ட் சிரிக்கவில்லை. கோவேறு கழுதையைக் கூப்பிட்டார்.

ஏன் ஆல்ப்ஸில் அயோடின் இல்லை என்று இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். பனியுகத்தில் பனியாறுகள் மலையின் மேல்மண்ணை வழித்துக்கொண்டு போய்விட்டன. மண்ணில் இல்லாதது பயிரில் இல்லை, மாட்டின் பாலில் இல்லை, தாயின் ரத்தத்திலும் இல்லை. நமக்கு ஒரு நாளைக்குத் தேவை 150 மைக்ரோகிராம். ஆயுசு முழுமைக்கும் சேர்த்தே ஒரு டீஸ்பூன்தான் வரும். அந்த ஒரு டீஸ்பூன் கிடைக்காமல்தான் தலைமுறை தலைமுறையாக இத்தனையும்.

1922-ல் கிழக்கே ஹெரிஸாவ் என்கிற ஊரில் எக்கன்பெர்கர் என்கிற ஆஸ்பத்திரித் தலைமை டாக்டர், நிபுணர் குழு முடிவுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லாமல், நேராக ஜனங்களிடம் போனார். கூட்டம் போட்டுப் பேசினார். கையெழுத்து வேட்டை நடத்தினார். ஸ்விட்சர்லாந்தில் உப்பு வியாபாரம் மாகாண அரசுகளின் ஏகபோகம். உப்பில் அரசுக்கு என்ன வேலை என்று 1930-ல் வேதாரண்யத்தில் நாம் அடிபட்ட சமாசாரம்தான். இங்கே அதே ஏகபோகம் காப்பாற்றியது. மாகாணம் ஒப்புக்கொண்டால் போதும், எல்லார் வீட்டு அடுப்படிக்கும் உப்பு போய்விடும். பிப்ரவரி மாதமே அவருடைய மாகாணத்தில் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்துவிட்டது. அதே வருடம் தேசியக் குழுவும் தலையசைத்தது.

அதன் பிறகு எக்கன்பெர்கர் தன் பிரசவ வார்டில் பார்த்தது முக்கியம். அங்கே பிறக்கும் சிசுக்களுக்கே கழுத்தில் கழலை இருப்பது சகஜம். உப்பு சாப்பிட்ட தாய்மார்களுக்குப் பிறந்த பிள்ளைகளிடம் அது காணாமல் போயிற்று. உப்பைத் தின்றவள் அம்மா, நேரானது பிள்ளையின் கழுத்து.

எல்லா மாகாணமும் உடனே கேட்டுவிடவில்லை. ஆர்கவ் மாகாணத்தில் யூகன் பிர்ஹர் என்கிற செல்வாக்கான அறுவை நிபுணர், கழலைக்குக் காரணம் அயோடின் குறைவு இல்லவே இல்லை என்று பிடிவாதமாக நின்றார். அங்கே அயோடின் உப்பு கடைக்கு வர 1950-கள் ஆகிவிட்டன. ஒரு பெரிய மனிதரின் பிடிவாதத்துக்கு முப்பது வருடம்! ஆனால் நாடு முழுக்கப் பார்த்தால் பலன் அபாரம். பிற்பாடு தேடிப் பார்த்த ஆய்வாளர்களால், 1930-க்குப் பிறகு பிறந்த ஒரு கிரெட்டினைக்கூடக் கண்டுபிடிக்க முடியவில்லை.

கதை முடிந்தது என்று நினைப்பீர்கள். சந்தேகக்காரர்கள் விடவில்லை. அதே காலத்தில்தானே ரயில் வந்தது, வெளியூர்ச் சாப்பாடு வந்தது, சுகாதாரம் வந்தது? குழந்தைகள் நன்றாகப் பிறந்ததற்கு உப்புதான் காரணம் என்று எப்படிச் சொல்வீர்கள்? நியாயமான கேள்வி. பதில் பூமியின் இன்னொரு மூலையிலிருந்து வந்தது.

பப்புவா நியூ கினியின் மேட்டு நிலத்தில் ஜிமி பள்ளத்தாக்கு. அங்கே வேலை பார்த்த பீட்டர் ஃபரோவா என்கிற டாக்டர் ஒரு விசித்திரத்தைக் கவனித்தார். அங்கே கிரெட்டின் குழந்தைகள் பிறப்பது பரம்பரை வழக்கம் இல்லை, சமீபத்தில் ஆரம்பித்தது. அவர் சொன்ன விளக்கம் இது: அந்த மக்கள் முன்பு தங்கள் ஊர் ஊற்றுகளிலிருந்து எடுத்த உப்பில் அயோடின் இருந்தது. வெள்ளைக்காரர்களோடு வந்த கடை உப்பில் அது இல்லை. ஆல்ப்ஸில் உப்பு காப்பாற்றியது, இங்கே உப்பு கெடுத்தது.

1966-ல் அந்தப் பள்ளத்தாக்கில் ஒரு பரிசோதனை நடந்தது. ஒன்றுவிட்டு ஒரு குடும்பத்துக்கு அயோடின் கலந்த எண்ணெய் ஊசி. ஒரு ஊசி போட்டால் சில வருடங்களுக்குத் தாங்கும். மற்றக் குடும்பங்களுக்கு வெறும் உப்புநீர் ஊசி. பாதிப் பேருக்கு வெறும் தண்ணீரைக் குத்திவிட்டுக் காத்திருப்பதா என்று உங்களுக்குக் கோபம் வரலாம். எனக்கும் வருகிறது. இன்றைக்கு எந்த நெறிமுறைக் குழுவும் அதை அனுமதிக்காது. ஆனால் முடிவு என்ன என்று பாருங்கள்.

1971-ல் வெளியான கணக்கு. தண்ணீர் ஊசி போட்ட தாய்மார்களுக்குப் பிறந்த 534 குழந்தைகளில் 26 பேர் கிரெட்டின்கள். அயோடின் ஊசி போட்டவர்களின் 498 குழந்தைகளில் 7 பேர்.

ஏழா? மருந்து கொடுத்தும் ஏன் ஏழு? தேடிப் பார்த்தார்கள். அந்த ஏழில் ஆறு பேரின் அம்மாக்கள், ஊசி போட்ட அன்றைக்கே கர்ப்பமாக இருந்தவர்கள்.

இந்த வரியை இன்னொரு முறை படியுங்கள். மருந்து சரியானது, அளவு சரியானது, கொடுத்த இடமும் சரியானது. சில வாரங்கள் தாமதம். அவ்வளவே.

காரணம் பிற்பாடு தெளிவானது. கரு உண்டானதும் முதலில் வேகமெடுக்கிற வேலைகளில் ஒன்று மூளைக் கட்டுமானம். நியூரான்கள் லட்சக்கணக்கில் உருவாகி, தத்தம் இடம் தேடி நகரவேண்டும். எங்கே போய் நிற்பது, யாரோடு கை கோத்துக்கொள்வது என்பதற்கெல்லாம் தைராய்டு ஹார்மோனின் உத்தரவு தேவை. சிசுவுக்குச் சொந்தமாகச் சுரப்பி இருக்கிறதே என்றால், அது ஓரளவு உருப்படியாக வேலை செய்யத் தொடங்க நாலு, நாலரை மாதம் ஆகும். அதுவரை வரும் ஹார்மோன் முழுக்க அம்மாவுடையது, நஞ்சுக்கொடி வழியாக வரும் கடன். அம்மாவிடமே இல்லையென்றால் கடன் எங்கிருந்து வரும்? நின்றுபோன அந்த வேலையைப் பிறந்த பிறகு டானிக்கோ மலைக்காற்றோ முடித்துக்கொடுக்காது. பாவம் குகன்பூல்.

அது ஏதோ காட்டுக்குள், மலைக்குள் நடக்கிற கோளாறு என்று நாம் ஒதுக்கிவிட முடியாது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் பகுதியில் 1990-களின் தொடக்கத்தில் கர்ப்பிணிகளிடம் வாங்கிப் பத்திரப்படுத்திய சிறுநீர் மாதிரிகளில், சுமார் ஆயிரம் பேருடையதைப் பிற்பாடு எடுத்து அயோடினை அளந்தார்கள். கழலையெல்லாம் கிடையாது, லேசான குறைவுதான். அந்த லேசான குறைவு உள்ள தாய்மார்களின் பிள்ளைகள், எட்டு வயதில் மொழித்திறன் சோதனையிலும் ஒன்பது வயதில் வாசிப்பிலும் கடைசி வரிசையில் இருக்கும் வாய்ப்பு அதிகமாக இருந்தது. 2013-ல் முடிவு வந்தது. 'படிப்பு ஏறமாட்டேங்குது' என்று நாம் முதுகில் சாத்திய எத்தனை பிள்ளைகள் இந்தக் கணக்கில் வருவார்களோ, யார் கண்டது.

நம் நாட்டுக்கு வருவோம். இமயத்தின் அடிவாரம் முழுக்க, காஷ்மீர் தொடங்கி வடகிழக்கு வரை, உலகத்தின் மிகப் பெரிய கழலைப் பிரதேசங்களில் ஒன்று. 1956-ல் டாக்டர் ராமலிங்கசாமி குழுவினர் காங்ரா பள்ளத்தாக்கை மூன்று பகுதியாகப் பிரித்து, இரண்டுக்கு அயோடின் உப்பும் ஒன்றுக்குச் சாதா உப்பும் கொடுத்து நிரூபித்தார்கள். 1962-ல் தேசியத் திட்டமே வந்துவிட்டது. ஆனால் அதன் பெயர் என்ன தெரியுமா? கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம். மறுபடி கழுத்து! 1980-களில் உத்தரப் பிரதேசத்தின் கோண்டா, தேவரியா பக்கம் பிறந்த குழந்தைகளின் தொப்புள்கொடி ரத்தத்தைச் சோதித்தபோதுதான், டெல்லிக் குழந்தைகளைவிடப் பல மடங்கு பேர் தைராய்டு குறைவோடு பிறப்பது தெரிந்து பலர் பதறினார்கள். திட்டத்தின் பெயரையே 1992-ல் மாற்றி எழுதினார்கள்.

சட்டமும் வந்தது. அயோடின் சேர்க்காத உப்பைச் சாப்பாட்டுக்கு விற்கக்கூடாது என்று 1998-ல் நாடு முழுக்கத் தடை. 2000-ல் மத்திய அரசு அந்தத் தடையை எடுத்தது. ஜனங்களைக் கட்டாயப்படுத்தக்கூடாது என்று காரணம் சொன்னார்கள். உப்பு காந்தியின் ஆயுதமாயிற்றே, அதில் கம்பெனிக்காரனை விடலாமா என்று வாதம். 2006-ல் தடை திரும்பி வந்தது. சின்ன உப்பளக்காரர்களின் கவலையை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. பாக்கெட் உப்பின் விலையில் யாருக்கு எவ்வளவு போகிறது என்று கேட்கவேண்டியதுதான். ஆனால் 2000-க்கும் 2006-க்கும் நடுவே கருவான பிள்ளைகளுக்கு அந்த வாதத்தில் ஒரு ஓட்டும் இருக்கவில்லை.

'நமக்குத்தான் கடல் இருக்கிறதே, தூத்துக்குடி உப்பு இருக்கிறதே' என்று சொல்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். கடலில் அயோடின் உண்டு, வாஸ்தவம். கடல் மீனில் உண்டு. கடல்நீரைக் காய்ச்சி எடுத்த உப்பில் அநேகமாகக் கிடையாது. தனியாகச் சேர்த்தால்தான் உண்டு. இப்போது புதிதாக இந்துப்பு மோகம். இளஞ்சிவப்பாக, அழகாக, இமயமலையின் பெயரைச் சொல்லி விற்கிறார்கள். தனியே சேர்க்காவிட்டால் அதில் இருப்பதும் சொற்பம்தான். எந்த மலையின் பெயரைச் சொல்கிறோம் என்பதை யோசித்தால் சிரிப்பு வரும்.

'சரி சார், கர்ப்பிணிகளுக்கு மட்டும் கொடுத்தால் போதாதா, ஊருக்கெல்லாம் எதற்கு?' என்று கேட்கலாம். ஜிமி பள்ளத்தாக்கின் அந்த ஆறு பேரை நினைத்துக்கொள்ளுங்கள். நாள் தள்ளிப்போயிருக்கிறது என்று ஒரு பெண் மாமியாரிடம் சொல்லி, அவர் நாள் பார்த்து, ஆஸ்பத்திரியில் பெயர் பதிந்து, டாக்டர் முதல் சீட்டு எழுதுவதற்குள் இரண்டு மாதமோ மூன்று மாதமோ ஓடிவிடும். அயோடின் அதற்கு முன்பே அவள் உடம்பில் இருந்தாகவேண்டும். அவள் புதுப்பெண்ணாக இருக்கும்போதே, ஏன், காலேஜுக்கு டிபன் கட்டிக்கொண்டு போகும்போதே. அதற்கு ஒரே வழி, யாரும் யோசிக்காமலே தினமும் போடுகிற ஒன்றில் கலந்துவிடுவது.

ஸ்விட்சர்லாந்தில் இன்றைக்கும் அயோடின் உப்பு கட்டாயமில்லை. கடையில் இரண்டும் இருக்கும், வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம். ஆனால் சில வருடங்களுக்கு ஒருமுறை பள்ளிப் பிள்ளைகளின், கர்ப்பிணிகளின் சிறுநீரை எடுத்து அளந்துகொண்டே இருக்கிறார்கள். 1922-ல் கிலோவுக்கு 4 மில்லிகிராம்கூட இல்லை. 1962-ல் இரட்டிப்பாக்கினார்கள். 1980-ல் 15. 1998-ல் 20. அதற்குப் பிறகும், கருத்தரிக்கும் வயதுப் பெண்களுக்கு அது சற்றே போதவில்லை என்று அளவீடு சொன்னது. 2014-ல் 25 ஆக்கினார்கள்.